முதல் கேள்வி பிரேசிலிலிருந்து

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, 2007. ஓசூர்.

எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸின் வெப்சைட்டில் உதிரிபாகப் பட்டியலைக் காட்டுவது ஒரு இலவச ஜாவா காம்பொனென்ட், அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு சின்ன புரோகிராம். போலந்துக்காரர் ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் போட்டது. அதில் பிழை கண்டால் திருத்தி அவருக்கு அனுப்புவேன். இன்று காலை அவரே மெயில் அனுப்பியிருந்தார். குழந்தை பிறந்திருக்கிறதாம், இனி நேரமில்லையாம். நான் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா, இல்லையென்றால் மூடிவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

மேனேஜர் ரெட்டி சாரிடம் காட்டினேன்.

"சம்பளம் குடுப்பாங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இந்த வம்பு?"

"நம்ம சைட் அது மேலதான் ஓடுது சார். அவரு விட்டுட்டா எப்படியும் நான்தான் சரி பண்ணணும். எல்லாருக்கும் சேர்த்தே பண்ணிடறேன்."

"சனிக்கிழமை மத்தியானம் பண்ணிக்கோ. நம்ம வேலை நிக்கக் கூடாது" என்றார்.

சம்மதம் என்று போலந்துக்காரருக்கு எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. சாயங்காலம் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் கம்பெனி பஸ் லாரிகளுக்கு நடுவே நின்றபோதும் அதே நினைப்பு. முகம் தெரியாத எத்தனையோ பேர் இதை நம்பி வேலை செய்கிறார்கள். நான் எதையாவது தப்பாக மாற்றிவிட்டால்?

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், போலந்துக்காரர் அதற்குள் தன் பக்கத்தில் என் மெயில் முகவரியைப் போட்டுவிட்டார்; அதைப் பார்த்து பிரேசிலிலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்டிருக்கிறார். "அன்புள்ள ஐயா" என்று ஆரம்பித்திருந்தார். நான் பெண் என்று சொல்லி அதைத் திருத்தப் போகவில்லை. கேட்டதற்கு விடை தெரிந்திருந்தது, பொறுமையாக எழுதினேன். கீழே மட்டும் என் முழுப்பெயரைப் போட்டேன்.