போகாத கல்யாணத்துக்கு ஒரு பிரெஞ்சு வாக்கியம்

மார்ச் 4, செவ்வாய்

நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டு அதுவாகத் திறந்து கிடந்தது. "அடுத்தவங்க நோட்டைத் தொடறது திருட்டுத்தனம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள் என் வீட்டுக்காரி. பதிலைக் கேட்க நிற்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். யார் அடுத்தவர்? நாற்பத்தொரு வருஷமாக ஒரே கண்ணாடியில் முகம் பார்க்கிற புருஷன் அடுத்தவனா?

இரண்டு மாதமாகப் பிரெஞ்சு படிக்கிறாள். சலவைக்கடை மாடியில், செவ்வாயும் சனியும். அறுபத்து மூன்று வயதில் எதற்கு என்று கேட்டால் மூளைக்கு நல்லதாம். என்னை இத்தனை வருஷம் சமாளித்த மூளைக்கு இனிமேல் என்ன நல்லது வேண்டிக்கிடக்கிறது?

அந்த எழுத்து கைக்கு வரவில்லை என்று பிரெஞ்சைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, எதிரே அர்த்தம் போட்டு வைக்கிறாள். ஆறாம் வகுப்போடு நின்றவன் படிக்க மாட்டான் என்ற தைரியம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். போர்டு படிக்காமலா ஓட்டினேன்?

இன்றைய பக்கத்தில் இருந்தது: ஜெ ஸெரே பார்த்தி. எதிரே: நான் கிளம்பிப் போயிருப்பேன்.

எங்கே?

மார்ச் 5, புதன்

நைசாகக் கேட்டேன். இந்த வாரம் என்ன பாடம் என்று. ஆள் அசந்துவிட்டாள், உட்கார வைத்து விளக்கினாள். நடந்திருக்க வேண்டியது, ஆனால் நடக்காமல் போனது, அதைச் சொல்வதற்கென்றே ஒரு காலம் வைத்திருக்கிறார்களாம். இரண்டு துண்டாக வரும். பின்னால் நடந்து முடிந்த வினை. அதற்கு முன்னால் ஒரு துணைச்சொல். சாப்பிட்டிருப்பேன், பார்த்திருப்பேன் என்கிற பெரிய கூட்டத்துக்கெல்லாம் 'ஜோரே' துணை. போனது, வந்தது, கிளம்பினது, பிறந்தது, செத்தது, இந்தச் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் 'ஜெ ஸெரே'. 'இருந்தால்', 'வந்தால்' என்று 'ஆல்' போட்டுச் சொல்கிற பாதியில் இந்த ஜோரே, ஸெரே இரண்டுமே வரக்கூடாது. வந்தால் தப்பு.

இதைப் படிக்க ஒரு வகுப்பா என்றேன். நம் வீட்டில் பல் தேய்த்த உடனே பேசுவது அதுதானே. சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன், கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.

சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரிப்பாள்.

அவள் படுத்த பிறகு யோசித்தேன். பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பெண்பிள்ளை ஏன் போகிற வினைகளாகப் பொறுக்கி எழுதுகிறாள்?

மார்ச் 8, சனி

இன்று அவள் குளிக்கப் போனபோது நோட்டை நானே திறந்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம், பதினோரு தடவை, அடித்து அடித்துத் திருத்தி:

ஸி மோன் மாரி நாவே பா எத்தே மாலாத், நூ ஸெரியோன் வெனு.

எதிரே: என் வீட்டுக்காரர் நோயாக இல்லாதிருந்தால் நாங்கள் வந்திருப்போம்.

எனக்கா? நோயா? என்ன நோய்? எனக்கே தெரியாமல் எனக்கு என்ன நோய்?

தண்ணீர்ச் சத்தம் நின்றது. நோட்டை வைத்துவிட்டேன். தலைகீழாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. வந்து பார்த்தாள், நேராகத் திருப்பி வைத்துவிட்டுத் தலை துவட்டினாள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அவள் வகுப்புக்குப் போனதும் நேரே டாக்டர். அவரும் அவளும் போன மாதம் மருந்துக்கடை வாசலில் அரைமணி பேசியதை நான் மறக்கவில்லை. எதுவாயிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், வயசானவன் தாங்குவேன் என்றேன். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"உங்களுக்கு வாய் மட்டும்தான் பெருசு. மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்றார்.

அவள் சொல்லிக் கொடுத்த பதிலாகவும் இருக்கலாம்.

மார்ச் 12, புதன்

காலையிலிருந்து இருமினேன். அவள் காதில் விழுகிற மாதிரி. பதறுகிறாளா என்று பார்க்கத்தான். பத்து மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, "தொண்டை புண்ணாயிடும், போதும்" என்றாள்.

மார்ச் 15, சனி

எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே, கொடியில் காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன். ஏப்ரல் ஆறாம் தேதி மகள் பிரான்சிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். கூட வருவது சம்பந்தியம்மா. அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு ஒரு எழுத்து தெரியாது.

ஆறு வருஷம் முன்னால் மகள் தானே பார்த்து, தானே முடிவு செய்து, அந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போக மாட்டேன் என்றேன். இவளையும் போகவிடவில்லை. கல்யாணத்தன்று எனக்கு வார ஓய்வு, ஆனாலும் வலியப் போய் டியூட்டி வாங்கிப் பஸ்ஸை எடுத்தேன். இவள் சமையலறையில் சார்ஜர் வயர் எட்டுகிற தூரத்தில் நின்றபடியே போனில் தாலி கட்டாத அந்தக் கல்யாணத்தைப் பார்த்தாளாம். மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உள்ளே போய்க் கேட்டேன். எனக்கு எதுக்குடி வியாதி வச்சே?

நோட்டை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னாள். சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவை போனிலும் கேட்கிறார்களாம், பெண்ணைப் பெற்றவர்கள் ஏன் வரவில்லை என்று. மகள் ஒவ்வொரு தடவையும் எதையாவது மாற்றிச் சொல்லி மழுப்புகிறாளாம். நேரில் வந்தால் இங்கேயும் கேட்பார்கள்.

"இந்தத் தடவ அவ தலை குனிய வேண்டாம். நானே சொல்லிக்கறேன்னு படிக்கறேன்."

"அதுக்கு நான் நோயாளியா?"

"வேற என்ன சொல்லட்டும்? நீங்களே ஒண்ணு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். உண்மையாகவே எழுதத்தான் காத்திருந்தாள்.

எனக்கு வாய் பெரிசு என்று டாக்டர் சொன்னாரே. எங்கே போயிற்று அது?

மார்ச் 16, ஞாயிறு

தும்மினேன். நிஜத் தும்மல். யாரும் நம்பவில்லை.

மார்ச் 19, புதன்

சலவைக்கடை மாடி ஏறினேன். அவளுக்கு வகுப்பு இல்லாத நாள். டீச்சர் முன்பு ஏதோ ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தவராம். வருகிறவனை எடைபோடுகிற பார்வை இன்னும் போகவில்லை. என் மனைவியிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்றேன். செய்தார். சட்டென்று செய்ததால் சந்தேகமாக இருந்தது, இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.

எனக்கு வேண்டியது ஒரே வாக்கியம். நான் வந்திருக்க வேண்டும்.

ஜோரே து வெனிர் என்று எழுதினார்.

பிடித்துவிட்டேன். வருவது சின்னக் கூட்டம், அதற்கு ஸெரே தானே, ஜோரே எப்படி வந்தது, கிழவன் என்று ஏமாற்றுகிறீர்களா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல முன்னாடி 'வேண்டும்' வந்துடுச்சு. ஸ்டியரிங் அதுகிட்ட. 'வர்றது' பின் சீட்ல சும்மா உக்காந்து வருது. அதனால ஜோரே."

பஸ்காரனிடம் பஸ்ஸை வைத்தே பேசுகிறார். நான் பஸ் ஓட்டினவன் என்று யார் சொன்னது இவரிடம்?

இன்னும் இரண்டு வாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு நோயில்லை. தப்பு என்னுடையது. பழைய பயணச்சீட்டுக் கட்டு அளவுக்குக் காகிதம் வெட்டி, தமிழ் எழுத்தில் எழுதி, சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வாக்கியம் வாயில் நிற்கவில்லை. ஸேத்தே மா ஃபோத், தப்பு என்னுடையது. தமிழிலேயே நான் சொல்லிப் பழகாத வாக்கியம், பிரெஞ்சில் எப்படி வரும்?

கதவைத் தட்டி, தண்ணீர் ஏன் இப்படி ஓடுகிறது என்றாள். வயிறு சரியில்லை என்றேன். "அப்ப நோய்தான்" என்றாள். கிண்டலா? தெரிந்துதான் பேசுகிறாளா?

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா உயரம், நரைத்த கட்டைமுடி, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார்கள். மகள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறீர்களா என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அரைமணி நேரம் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்த அம்மா கேட்டே விட்டார்கள். வார்த்தை புரியவில்லை, ஆனால் மகளின் தோள் இறங்கியதைப் பார்த்ததும் எந்தக் கேள்வி என்று தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸி மோன் மாரி என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே கையை நீட்டினேன். பஸ்ஸில் படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்கிற மாதிரி.

"ஜெ நேத்தே பா மாலாத்" என்றேன். எனக்கு நோயில்லை.

சம்பந்தியம்மா மகளைப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள்.

"ஜோரே து வெனிர்." நான் வந்திருக்க வேண்டும்.

பிறகு மூன்றாவது. பையில் கைவிட்டேன். இந்தப் பையில்தான் வைத்தேன். இல்லை, அந்தப் பை. நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்தாள். எழுந்து, என் முழங்காலை ஒட்டிய இடைவெளியில் புகுந்து, நான் முடிக்கும் முன்பே உள்ளே போய்விட்டாள். ஸேத்தே என்று சொல்லி நின்றேன். மற்றது வரவில்லை. சம்பந்தியம்மா ஏதோ சொன்னார்கள், மெதுவாக, ஒரு தடவை. என் வீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம். ஒரு டப்பா திறந்தது, மூடியது. இன்னொன்று.

"அப்பா, டீ வடிகட்டி எங்க இருக்கு?"

அம்மாவைக் கேட்டிருக்கலாம். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.