கேப்பு இறங்காத வாரம்

செவ்வாய், நவம்பர் 7

விடியலில் மூடுபனி. எட்டு மணிக்கெல்லாம் கொளுத்தும் வெயில். ரப்பர் பால் நிறைய வந்தது.

துப்பாக்கித் தோட்டா செய்யும் மெஷின் இன்றும் மக்கர். காலையில் கொஞ்சம் ஒழுங்காக வந்தது, பிறகு சண்டித்தனம். கைப்பிடியை இழுத்தால் வட்டத் தட்டு சுற்றுகிறது. பித்தளைக் கூடு வந்து நிற்கிறது, மருந்து விழுகிறது, குண்டு உட்காருகிறது. எல்லாம் அழகு. அடியில் உட்கார்ந்து வெடிக்க வைக்க வேண்டிய கேப்பு மட்டும் குழாயிலிருந்து இறங்குவதில்லை. மருந்து அடிஓட்டை வழியாக மேசையில் கொட்டுகிறது. மிளகு அளவு சாமான், ஒரு மனுஷியை இந்தப் பாடு படுத்துகிறது.

ஸ்பெஷல் போலீஸ் சார்ஜன் வந்தார். (இனி சா. மட்டும். முழுதாக எழுதினால் மை தண்டம்.) பார்த்தார், கம்பி ஒன்றை எடுத்தார், குழாய்க்குள் குத்தப் போனார். குழாய் முழுக்கக் கேப்பு! ஒன்று வெடித்தால் அத்தனையும் வெடிக்கும் என்று தோட்டத்துத் துரை முதல் நாளே சொல்லியிருக்கிறார். கையைத் தட்டிவிட்டேன். கம்பி சுவரில் போய் விழுந்தது. சா. முகம் சிவந்தது.

"பொம்பளை கை வெச்சா இப்படித்தான்லா. தலையில தேங்கா எண்ணெய். அது வெரல்ல, வெரல்லேருந்து கேப்புல. அப்புறம் எங்க எறங்கும்?"

"எண்ணெய் பட்டா வழுக்கும் சார்ஜன். ஒட்டாது."

வாய் சும்மா இருந்தால்தானே. நேராக துரையிடம் போய்விட்டார்.

சாயங்காலம் துரை கூப்பிட்டுச் சொன்னது: ஞாயிறு சூட்டுப் பயிற்சி. போலீஸ் ஆபீசர் வருகிறார். அன்றைக்கும் தோட்டா இப்படி இருந்தால் மெஷினை சிரம்பானுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் பழையபடி பால் வெட்டப் போக வேண்டியதுதான்.

பழையபடி என்றால் ஏழாம் நம்பர் நிரை, அந்த ரப்பர் மர வரிசை. காட்டை ஒட்டியது. போன மாதம் காட்டுக்காரர்கள், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்கள், அங்கேதான் வந்து அரிசி கேட்டு மிரட்டிவிட்டு, மரங்களைக் கண்டபடி கொத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமியும் இன்னும் சில பொம்பளைகளும் இன்றைக்கும் அங்கேதான் வெட்டுகிறார்கள். காவல் கிடையாது. கேட்டால், சுட்டுப் பழகாத ஸ்பெஷல் போலீஸ் பையன்களைக் காட்டோரம் அனுப்ப மாட்டேன் என்கிறார் சா. பழகத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்குக் கேப்பு இறங்க வேண்டும். எல்லாம் என் தலையில்.

பயமாக இருக்கிறது. என்னால் அந்த நிரைக்குத் திரும்பப் போக முடியாது.

புதன், 8

வெயில். தலையில் எண்ணெய் வைக்கவில்லை. கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். சா. வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார், என்னமோ கோயில் பூசைக்கு ஆயத்தம் செய்கிற மாதிரி.

மத்தியானத்துக்குள் கேப்பு மறுபடி சிக்கிவிட்டது.

சா.: இப்போது வியர்வையாம். நாளைக்கு என் மூச்சுக்காற்று என்பார்.

துரையின் கட்சி வேறு. மழைக்காலம், காற்றில் ஈரம், ஈரத்தில் ஒட்டுகிறது என்றார். கேப்பு டப்பா, உபரிக் குழாய் எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் சுண்ணாம்புக் கட்டியோடு வைக்கச் சொன்னார். வைத்தேன். அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், நீலம், இவருக்குச் சுருட்டு (ஒன்றே ஒன்று).

இவர் பால் லாரியை மந்தின் ஊரில் விட்டுவிட்டுப் பொழுது சாய வந்தார். என் தலையைப் பார்த்துவிட்டு, தொடப்பக்கட்டை எப்போது முளைத்தது என்று கேட்டார். சோறு போடாமல் கொஞ்ச நேரம் உட்கார வைத்தேன்.

வியாழன், 9

விடியுமுன்னே மழை. ஓயவே இல்லை. வெட்டு இல்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்க, நான் மட்டும் குடையோடு மெஷின் இருக்கும் ஸ்டோருக்கு.

சுவரெல்லாம் கசிகிறது. இன்று ஒரு தோட்டா கூட உருப்படாது என்று நினைத்துத்தான் பூட்டைத் திறந்தேன்.

ஒரு கேப்பும் சிக்கவில்லை! ஒன்று கூட! இழுக்க இழுக்க டக், டக் என்று இறங்கியது. கை வலித்ததே தவிர மெஷின் நிற்கவில்லை.

துரைக்கு ஒரே சந்தோஷம். சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பருப்பு ஊறப்போட்டு வடை சுட்டேன். லெட்சுமிக்கும் கொடுத்தேன். மழை விட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாளாம். வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை, இருந்தும் அப்படி வேண்டுகிறாள்.

வெள்ளி, 10

பளீரென்று வெயில். எல்லா நிரையிலும் வெட்டு.

பத்து மணி வரை ராஜபாட்டை. பால் வந்து தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் மெஷின் நின்றுவிட்டது.

சுண்ணாம்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன், உண்மை. அழுது முடித்தும் கண் எரிச்சல் நிற்கவில்லை. மூக்கும் எரிந்தது. அப்புறம்தான் உறைத்தது, இது அழுகை எரிச்சல் இல்லை, அம்மோனியா. பால் உறையாமல் இருக்கக் கலப்பது. பீப்பாய் என் சுவருக்கு அந்தப் பக்கம்தான். சுவர் கூரையைத் தொடுவதில்லை. பால் வந்தால் பீப்பாய் திறப்பார்கள். நேற்று பால் இல்லை, பீப்பாய் திறக்கவில்லை.

எழுந்து பூட்டைப் பார்த்தேன். மாற்றி ஒரு மாதம் ஆகவில்லை. பித்தளை, பச்சை பூத்துக் கிடக்கிறது. கேப்பும் பித்தளை நிறம்தான். குழாயும் பித்தளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மெல்லிசாகப் பச்சை.

ஓடினேன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா ஊசி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கவில்லை, அலமாரியிலிருந்து மருந்துத் தராசை எடுத்துக் காட்டினார். பித்தளைத் தட்டு, பாசி பிடித்த மாதிரி. அம்மோனியா சீசா பக்கத்தில் வைத்துக் கெட்டதாம்.

"மூடியிருந்த சீசாவுக்கே இந்தக் கதிம்மா. நீ பீப்பாய் பக்கத்துல உக்காந்திருக்க."

மெஷினை அந்த அறையில் வைத்தது யார் குற்றமும் இல்லை. கம்பி போட்ட ஜன்னல் உள்ள அறையில்தான் வைக்க வேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. தோட்டத்தில் அப்படி இரண்டே அறை. ஒன்று இது. இன்னொன்று சா. படுக்கிற காவல் அறை. மின்விசிறி வேறு.

துரையிடம் சொன்னேன். சா. பக்கத்திலேயே நின்று பல்லைக் காட்டினார். துரை சிரிக்கவில்லை. இரண்டு குழாயைத் துடைத்து, வெடித்துத் தீர்ந்த பழைய கேப்பைக் கழுவி நிரப்பி, ஒன்றை என் அறையிலும் ஒன்றை சா. அறையிலும் வைக்கச் சொன்னார். காலையில் பார்க்கலாம்.

தூக்கம் வரப்போவதில்லை. இவர் குறட்டை.

சனி, 11

வெயிலா மழையா, கவனிக்கவில்லை.

துரை, டிரசர் ஐயா, சா., நான். முதலில் சா. அறைக் குழாய். கவிழ்த்ததும் பொலபொலவென்று கொட்டியது. அடுத்தது என் அறைக் குழாய். துரை கவிழ்த்தார், ஒன்றும் இல்லை. தட்டினார், இரண்டு விழுந்தது. மறுபடி தட்டினார். டிரசர் ஐயா இருமுகிற மாதிரி சிரிப்பை மறைத்தார். நான் மறைக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். மெஷினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு காவல் அறைக்குப் போனார்கள். சா.வின் கட்டில், டிரங்குப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி, முகப்பவுடர் டப்பா மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் ஊர்வலமாக அம்மோனியா அறைக்கு. வேறு இடம் கிடையாதே. பச்சை பூத்த கேப்பை ஒதுக்கிவிட்டு, பிரிக்காத டப்பாவைத் துரை தானே உடைத்துக் கொடுத்தார். புதுக் குழாய் மாட்டினேன்.

பொழுது சாயும்வரை இழுத்தேன். மின்விசிறி தலைக்கு மேல். ஒரு தடவை கூட நிற்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன், நன்றாக வழிய வழிய. (கையை மட்டும் கழுவினேன். வீம்புக்காக வேலையைக் கெடுப்பேனா.)

ஞாயிறு, 12

பாதிரியார் இந்த வாரம் இல்லை. ஜெபமாலை மட்டும் சொன்னோம். என் மனசு மாதாவிடம் இல்லை, மன்னிப்பாள்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்மோக் ஹவுஸ் பின்னால் மண்மேடு. அட்டை மனுஷர்களை நட்டிருந்தார்கள். போலீஸ் ஆபீசர் நாற்காலியில். ஸ்பெஷல் பையன்கள் வரிசையாக. லயமே வேலியோரம் கூடிவிட்டது.

முதல் சூடு. காதைப் பொத்திக்கொண்டேன், பிறகு எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும் எனக்கு. இரண்டாவது. மூன்றாவது. எங்கேயாவது ஒரு 'க்ளிக்' வந்து அதோடு நின்றுவிடுமோ என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசித் தோட்டா வரைக்கும் வரவில்லை! அத்தனையும் வெடித்தது. நான் குதித்தேன். கல்யாணமானவள், கூட்டத்துக்கு நடுவில், குதித்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் கேள் என்றார். எல்லார் முன்னாலும்.

நேற்றே யோசித்து வைத்திருந்தேன். சம்பளத்தில் கொஞ்சம் கூட்டச் சொல்லலாம், தீபாவளிக்கு மாதிரி கிறிஸ்மஸுக்கும் முன்பணம் கேட்கலாம். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"ஏழாம் நம்பர்ல வெட்டுற பொம்பளைங்களுக்கு காவல் வேணும் தொரை. பையனுங்கதான் இப்ப சுட்டுப் பழகிட்டானுங்களே."

துரை சா. பக்கம் திரும்பினார். சா. அட்டை மனுஷர்களைப் பார்த்தார். அவற்றில் ஓட்டை இருந்தது, வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம்.

"நாளையிலேருந்து அனுப்புறேன் தொரை. நானே போறேன்," என்றார்.

அதில் ஒரு வீம்பும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மனுஷன் நல்லவர்.

திங்கள், 13

லேசான மூடுபனி. வெட்டு உண்டு.

விடியலில் ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நான் போக வேண்டியதே இல்லை, இருந்தும் போனேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டார். ஏழாம் நம்பருக்கு லெட்சுமி, இன்னும் நாலு பேர். என் பேர் இல்லை. பின்னாலேயே சா., துப்பாக்கியோடு மூன்று பையன்கள். சா.வின் கண் இரண்டும் செக்கச்செவேல். அம்மோனியா அறையில் தூங்கிய அழகு.

லெட்சுமி போகும்போது என் கையைப் பிடித்தாள். "பிலோ, இன்னிக்கி பாடிக்கிட்டே வெட்டப் போறேன்லா."

ஏழாம் நம்பரில் யாரும் வாய் திறப்பதில்லை. காது எப்போதும் காட்டுப் பக்கமே இருக்கும். நான் வெட்டிய காலத்தில் இருமலைக் கூட விழுங்கியிருக்கிறேன்.

காவல் அறையைத் திறந்து, குழாயை நிரப்பி, முதல் இழுப்பு. இறங்கியது. ஜன்னல் வழியாகக் காற்று. கைப்பிடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தாளம் தப்பு, ராகமும் தப்பு, லெட்சுமி தொண்டை கிழியப் பாடுகிறாள், இங்கே வரைக்கும் கேட்கிறது.