ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

செப்டம்பர் 2

மதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பூசையில் மண்டியிட்டால் எழுந்திருக்கப் பீடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

நான்தான் 'எட்டாவது மாடி'. உங்கள் வலைப்பூவின் அடியிலுள்ள கருத்துப் பெட்டியில் இந்தப் பெயரில்தான் வாராவாரம் எழுதுகிறேன். நேற்றைய பதிவின் கடைசி வரியில், இந்த மாதத்தோடு எழுதுவதை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டீர்கள். படித்ததும் பகீரென்றது. அதனால்தான் கோயிலின் மின்னஞ்சல் முகவரியைத் தேடிப்பிடித்து நேராகவே எழுதுகிறேன்.

நான் உங்கள் வேதக்காரி அல்ல. என் வேலை லிஃப்ட் கம்பெனியில். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் அவசரப் பொத்தானை அமுக்குவார்கள் இல்லையா, அந்த அழைப்பை எடுப்பவள் நான். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பேசக் கிடைத்த விஷயங்களைத் தேடித்தான் முதலில் உங்கள் பக்கத்துக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நேரமில்லாமல் விட்டுப்போனதை மாலையில் எழுதுகிறீர்கள் என்று போட்டிருந்தது. பாட்டு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே உங்கள் பிரசங்கத்தை முடிக்க வைக்கிற கதையை லிஃப்டில் மாட்டியிருந்த ஒருவருக்குச் சொன்னேன். மெக்கானிக் கதவைத் திறந்தபோது மனிதர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

வீட்டில் என் மாமியார் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது புரிகிறதா என்று டாக்டரைக் கேட்டால், "சொல்ல முடியாதும்மா" என்கிறார். என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் கிடப்பார். ஆக, அத்தையும் நானும்தான். நான் வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்வாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அத்தையின் தலையணையில் ஒரு மணிப் பொத்தானை மாட்டி வைத்திருக்கிறேன். ஒருநாளும் அமுக்கியதில்லை. ஊரார் மணியையெல்லாம் எடுக்கிறவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு மணி அடிக்கவில்லை.

நல்லா இருந்த காலத்தில் அத்தை என்னை ஒரு நாளும் நிம்மதியாக விட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய் துடைத்து, துணி மாற்றி, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்ட வேண்டியிருந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உங்கள் பெட்டியில் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்கள் பதிவு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து முதலில் அதைச் சத்தமாக வாசிப்பேன். எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் ஏறும். பிறகு போனைப் பார்த்துப் பேசுவேன், அது எழுதிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கிற கைக்குத் தட்டச்சு எங்கே வரும்?

நீங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை, வெளியிடவும் இல்லை. முதலில் எனக்குக் கோபம். கூட வேலை செய்யும் தோழி உங்கள் கோயில்களுக்குப் போகிறவள். அவளிடம் குறைப்பட்டேன். "சாமியாருங்க அப்படித்தான். பாவசங்கீர்த்தனத்துல, அதான் நாங்க பாவத்தை ஒத்துக்கறப்போ, கேட்டதை உயிரே போனாலும் வெளியில விடமாட்டாங்க. நீ நல்லா ஆளைப் பாத்துத்தான் சொல்லியிருக்க" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் மனசுவிட்டுப் பேசினேன். அனுப்பியதும் 'உங்கள் கருத்து பெறப்பட்டது' என்று வரும். அது போதும், அன்றைக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒருமுறை, இறந்துபோன கணவரின் மூக்குக்கண்ணாடியைத் தினமும் துடைத்து வைக்கும் ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்து முடித்ததும் எழுந்துபோய் அத்தையின் கண்ணாடியைத் தேடித் துடைத்து மாட்டிவிட்டேன். அதுவரை அவர் கண்ணாடியில்லாமலேயே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குத் தோன்றவே இல்லை, ஃபாதர். அன்றிலிருந்து புகார் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் நான் இந்த வீட்டில் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதை வேண்டுமானால் நிறுத்துங்கள். அந்தப் பெட்டியை மட்டும் மூடிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
எட்டாவது மாடி


செப்டம்பர் 4

அன்புள்ள சகோதரிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். முதல் தடவை எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என் வலைப்பூவில் யாரும் கருத்து எழுதியதே இல்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நிறுத்துகிறேன் என்று அறிவித்ததற்கும் அதுதான் காரணம். படிக்க ஆளில்லாத ஊரில் எதற்குப் பலகை என்ற சலிப்பு. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று கௌரவமாக எழுதிவைத்தேன்.

இதை அமைத்துக் கொடுத்தவன் என் அக்கா மகன். அவனுக்குப் போன் போட்டேன். "என்ன மாமா, கண்டதையும் எழுதுவாங்கன்னு நான்தான் பூட்டு போட்டு வச்சேன். நீங்க பாத்துப் பாத்துத் திறந்து விடணும்னு சொன்னேனே. இவ்வளவு வருஷமா அந்தப் பக்கமே போகலையா?" என்றான். சொல்லியிருப்பான். நான் தலையை ஆட்டியிருப்பேன். அவன் சொன்னபடி அழுத்திக்கொண்டே போனால் ஒரு பக்கம் திறந்தது. 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்று மேலே எழுதியிருந்தது. அடியில் பார்த்தால், சகோதரி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு தையல்காரர் நான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் 'நல்லது' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார், ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு அம்மா எங்கள் கோயிலுக்கு எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் விசாரித்துக்கொண்டு தானே வந்து சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் என்னோடு ஓயாமல் சண்டை போட்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆனால் உங்களுடையதை நான் படிக்கவில்லை. ஒன்றின் முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது: 'இதை வெளியில் விடமாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.' உடனே மூடிவிட்டேன். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி நீங்கள் சொன்னவை அவை. அந்த ஆள் அங்கே இல்லை. நீங்கள் கும்பிட்டு நன்றி சொல்கிற அந்தப் பொறுமைசாலி நான் அல்ல என்பதை உங்களிடம் மறைத்தால் எனக்குப் பொறுக்காது.

இப்போது என்ன செய்யட்டும்? படிக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக, நிதானமாகப் படிக்கிறேன். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆசீருடன்,
பங்குச் சாமியார்


செப்டம்பர் 6

ஃபாதர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி.

லிஃப்டில் அவசரப் பொத்தானை அமுக்கியதும் மஞ்சள் விளக்கு எரியும். மணி அடித்துவிட்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். நாங்கள் எடுத்த பிறகுதான் பச்சை எரியும். ஆனால் பயத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? மஞ்சளைப் பார்த்ததுமே கடகடவென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் எடுக்கும்போது பாதி முடிந்திருக்கும். "கொஞ்சம் முதல்லேருந்து சொல்லுங்க" என்பேன். வைத்த பிறகு தோழியும் நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இனிமேல் சிரிக்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். எல்லாம் கிணற்றில் போட்ட கல். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரிகிறது. தெரிந்தும் கோபம் வருகிறது.

இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். படிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

எட்டாவது மாடி


செப்டம்பர் 13

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சொன்னபடி எதையும் தொடவில்லை. பதில் எதிர்பார்த்தும் இதை எழுதவில்லை. தெம்பு வந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் கிடக்கட்டும்.

சனிக்கிழமை மதியம் நான் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார வேண்டும். யாராவது வந்தாலும் வராவிட்டாலும் உட்கார வேண்டும், அதுதான் முறை. முன்பெல்லாம் வரிசை நிற்கும். இப்போது வருவது அரிது. தடுப்புக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கும். ஒரு கொசு மட்டும் தவறாமல் வரும். சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் அங்கேயே உட்கார்ந்து போனில் வலைப்பூவுக்கு எழுதத் தொடங்கினேன்; ஞாயிறு மாலையில், பிரசங்கத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து முடித்துப் போடுவேன். யாரும் பேச வரவில்லையே என்ற ஏக்கத்தில் எழுதியதுதான் நீங்கள் படித்தது அத்தனையும். அதே சமயம் நீங்கள் எங்கேயோ சமையலறை மேசையில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். தையல்காரருக்கு முதல்முறையாகப் பதில் போட்டேன். 'நல்லது' என்றுதான் போட்டேன். அவருக்கு அதற்கு மேல் பிடிக்காது என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பதிவு எழுதினேன், நிறுத்துவதைப் பற்றி அதில் பேச்செடுக்கவில்லை. தொடரலாமா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைப் பாழாக்கிவிட்டு மற்றவர்களின் பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உறுத்துகிறது.

பெட்டியை மூடவில்லை. மூடவும் மாட்டேன்.

உங்கள் மாமியாரைப் பூசையில் நினைத்துக்கொள்கிறேன்.

பங்குச் சாமியார்


செப்டம்பர் 16

அன்புள்ள ஃபாதருக்கு,

வணக்கம். இன்று கை ஈரமில்லாமல், உட்கார்ந்து, விரலாலேயே தட்டுகிறேன். நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்மேலிருந்த கோபத்தில் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் பக்கத்தைத் திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. ரொட்டியை வாயில் வைத்தால் துப்பிவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை. மாலை ஐந்து மணி தாண்டியிருக்கும். சமையலறையில் நிற்கிறேன், மணி அடித்தது. வாசல் மணி என்று நினைத்துக் கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. திரும்பவும் அடித்தது. அப்போதுதான் உறைத்தது, அது தலையணை மணி என்று. வருஷக்கணக்கில் அடிக்காத மணி. ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை கட்டைவிரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நாளாகவே அந்தக் கை லேசாக அசைகிறது. அதற்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"என்ன அத்தை, தண்ணியா? வலிக்குதா? திரும்பிப் படுக்கணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முறைப்பு மாறவில்லை. கண்ணைக் கதவுப் பக்கம் திருப்பினார். அங்கிருந்து பார்த்தால் சமையலறை மேசை தெரியும். மேசைமேல் போன் கவிழ்ந்து கிடந்தது. அத்தை அதையே பார்த்தார்.

அந்தக் கதவை நான் சாத்தியதே இல்லை, ஃபாதர். ஏதாவது ஆகிவிட்டால் தெரிய வேண்டுமே என்று எப்போதும் திறந்தே வைத்திருப்பேன். நான் வாசித்தது, அதற்குப் பிறகு போனைப் பார்த்துப் பேசியது, அத்தையைத் திட்டியது, திட்டியதற்கு அழுதது, கண்ணாடி மாட்டிய நாளில் 'பாவம், கண்ணு தெரியாம கிடந்திருக்காங்க' என்று சொன்னது, எல்லாமே அந்தக் கதவு வழியாகப் போயிருக்கிறது. உங்களிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாராவாரம் அவரிடமே பேசியிருக்கிறேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஆமான்னா ஒரு தடவை அமுக்குங்க, இல்லன்னா ரெண்டு தடவை" என்றேன். லிஃப்டில் பயத்தில் பேச்சு வராதவர்களிடம் இப்படித்தான் கேட்போம்.

"நான் பேசினதெல்லாம் கேட்டுச்சா அத்தை?"

ஒரு தடவை அடித்தது.

"நான் திட்டினதுமா?"

ஒரு தடவை.

"என்மேல கோபமா?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு தடவை அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் அத்தையேதான், சந்தேகமே இல்லை.

"போனைக் கொண்டுவந்து வாசிக்கட்டுமா?"

கேட்டு முடிக்கும் முன்பே அடித்தது. விட்டுப்போன இரண்டு பதிவுகளையும் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தேன். பிறகு உங்கள் கடிதத்தையும் வாசித்தேன். கொசு உங்கள் கூண்டுக்குத் தவறாமல் வருகிறது என்பதைப் படித்தபோது அத்தையின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. மற்றவர்கள் பார்த்தால் வலி என்று நினைப்பார்கள். எனக்குத் தெரியும். பிறகு ரொட்டியைச் சாப்பிட்டார், மிச்சம் வைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவற்றை எல்லாம் அழித்துவிடுங்கள். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியவர் ஏற்கனவே கேட்டுவிட்டார், அவ்வளவுதான். நீங்கள் எதையும் பாழாக்கவில்லை. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மனசார நன்றி, ஃபாதர். என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். கப்பல் இரைச்சலில் பாதி கேட்டிருக்காது. 'அம்மாகிட்ட போனைக் குடு' என்றார். கொடுத்தேன். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை மணி அடித்தது. அந்தப் பக்கம் அவர் அழுவது எனக்குக் கேட்டது.

தொடரலாமா என்று யோசிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு இங்கே இரண்டு பேர் காத்திருப்போம். தாமதம் செய்யாதீர்கள். அத்தையின் கை இப்போது பொத்தான்மேலேயே இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
எட்டாவது மாடியிலிருந்து இருவர்