உட்கார்ந்து பார்த்து வாங்கிய ஜாக்கெட்

கூடத்து நாற்காலியில் என் புது பைக் ஜாக்கெட் சொட்டிக்கொண்டிருக்கிறது. புதுத்துணியும் ரப்பரும் கலந்த கடை வாசனை இன்னும் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கிறார். நான் போய் மூடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. வாங்கிவிட்டேன், புள்ள.

மீனாட்சிபுரம் மிருகாஸ்பத்திரியில் நம் இருவருக்கும் ஒரே வேலை. பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. ஆனியில் மழை, மார்கழியில் கணவாய்க் காற்று, மாசி பிறந்தால் தார் இளகும் வெயில். மழைக்கோட்டைப் போட்டால் வேர்வையில் நனைவோம், கழற்றினால் மழையில் நனைவோம். பெருமாட்டி வளைவில் நீ சறுக்கி விழுந்து முழங்கைத் தோல் வழண்ட அன்றுதான், எல்லாப் பருவத்துக்கும் ஆகிற நல்ல ஜாக்கெட் ஆளுக்கொன்று எடுப்பதென்று முடிவு செய்தோம்.

கோயம்புத்தூர்க் கடையில் நீ அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைக்காரர் உன்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "அம்சமா இருக்குதுங்க மேடம்" என்றார்.

"நின்னு பாத்தா எதுவும் அம்சமாத்தானுங்க இருக்கும். நாங்க உக்காந்துதானுங்க வண்டி ஓட்டறோம்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டோடு தெருவுக்குப் போய் உன் பைக்கில் ஏறி உட்கார்ந்தாய். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். நீ ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்ததும் ஜாக்கெட்டின் கை மேலேறியது, இடுப்புக்குப் பின்னால் இடைவெளி விழுந்தது, முழங்கைக்கு வைத்த பாதுகாப்புப் பேடு பக்கவாட்டில் நழுவியது. எல்லாம் ஆம்பளை அளவு.

"உளுந்தா இந்தப் பேடு காத்தத்தானுங்க காப்பாத்தும், என்ர மொழங்கைய இல்லீங்க."

இருந்ததையெல்லாம் அப்படியே போட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். பெண்கள் அளவு வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லி, கடைக்காரர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அவர் கூப்பிடுவதற்குள் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் உயிரோடு திரும்பவில்லை. நீ பார்த்த தோட்டங்களும் என்னிடம் வந்தன. நீயில்லாத பாதையில் ஓட்ட மனமில்லாமல், ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் போன் வந்தது.

"மேடம், லேடீஸ் சைஸ் வந்துருக்குதுங்க. அந்த இன்னொரு மேடத்தையும் கூட்டியாங்க."

உனக்கு ஆனதைச் சொன்னேன். என்றைக்கு, எப்படி என்று கேட்டார். பிறகு, "நீங்களாச்சும் வாங்க" என்றார்.

நேற்றுப் போனேன். கடைக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தார். "இப்ப எல்லாரையும் இதுல உக்கார வெச்சுத்தானுங்க விக்கறேன். அந்த மேடம் சொன்னது நெசந்தானுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறி உட்கார்ந்து முன்னால் சாய்ந்தேன். மணிக்கட்டு மூடியிருந்தது, முதுகு மூடியிருந்தது, பேடு முழங்கையின் மேலேயே நின்றது. மார்பில் வெயிலுக்குத் திறந்துகொள்ள ஜிப், உள்ளே மழைக்கு மாட்டிக் கழற்றும் தனித் துணி. வேறொன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டு திரும்புகையில், அம்பராம்பாளையம் தாண்டியதும் மழை பிடித்தது. ஒதுங்கவில்லை. நெஞ்சில் தண்ணீர் தடதடவென்று அடிக்க, உள்ளே கதகதப்பாக நான். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடினேன்; கேட்க ஆளில்லை என்ற தைரியம். வீட்டுக்காரர் என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுக்கூட எறங்கலையே" என்று ஆச்சரியப்பட்டார்.

இன்று காலையும் மழை விடவில்லை. மூலத்தரையிலிருந்து ஒரு தோட்டக்காரர் கூப்பிட்டார். மாடு பருவத்துக்கு வந்து விடியலிலிருந்து கத்துகிறதாம். "மழ உட்டதும் வாங்க அம்மிணி, நனைஞ்சுக்கிட்டு வர வேண்டாம்" என்றார்.

"மாட்டுக்கு மழ தெரியுமாங்க? இப்பவே வாறனுங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அது நீ எப்போதும் சொல்கிற பதில். குரல்கூடக் கொஞ்சம் உன்னைப் போலவே வந்தது. போய் ஊசி போட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். மாற்றல் கேட்கப் போவதில்லை, புள்ள. உன் தோட்டங்களை நானே பார்த்துக்கொள்கிறேன்.