சமாதானமாகிவிட்ட வீடு

என் ஆசை அக்கா,

முதலில் ஒன்று கேட்கிறேன். இதை ஒருவருக்கும் காட்டிவிடாதே. நீ இருக்கும் இடத்தில் அப்பா இருந்தால் அவருக்கும் காட்டாதே, தாங்கமாட்டார். வேறு யார் கண்ணிலாவது இது பட்டுவிட்டால் அவர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: எங்கள் வீட்டு ஆட்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவிடம் கொடுக்கவே வேண்டாம்.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் உன் மகள் நித்திரை. கனிக்கு இப்போது நன்றாகக் கதைக்க வருகிறது. அத்தானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், "அப்பா வாறார், சத்தம் போடாதீங்க" என்று எனக்கே சொல்கிறாள். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானே?

கனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானும் அம்மாவும் உன் வீட்டுக்கே வந்துவிட்டோம். பின்வளவில் நாங்கள் இருந்த சின்ன வீட்டில் அத்தான் இப்போது தன் லொறியில் ஏற்றுகிற நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார். அந்தக் கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கிக் கொடுத்ததும் அவர்தான். அதே தண்ணீரில்தான் சமைக்கிறோம். அம்மா குடிக்கிறாள். நான் பள்ளிக்கூடத்துக் குழாயில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறேன்.

உன் உதடு கிழிந்திருந்த அன்று நாம் மூவரும் பொலிசுக்குப் போனோமே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பெண் பொலிஸ் லீவு என்றார்கள். அதனால் முன்மேசைச் சார்ஜன்டிடம், அங்கே நின்ற அத்தனை ஆம்பிளைகளுக்கும் முன்னால், எங்கெங்கே அடி என்று நீ காட்ட வேண்டியிருந்தது. அவர் ஒரு வரியும் எழுதவில்லை. அத்தானுக்கு ஆள் அனுப்பினார். அத்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, உன் பக்கத்துக் கதிரையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"நான் அடிக்கயில்லையா என்ட பொஞ்சாதிக்கு? இண்டைக்கும் அவ கட்டித் தந்த சோத்தத்தான் திண்டன்" என்றார் சார்ஜன்ட். அத்தான் சிரித்தார். பின்னால் நின்ற பொலிஸ்காரர்களும் சிரித்தார்கள்.

"ஒரு கிழமைக்குத் தாய்வீட்ட போய் இரு தங்கச்சி. இவருக்குக் கோபம் ஆறும்."

"ஐயா, அது என்ட வீடு. அம்மா சீதனமாத் தந்த. கலியாணம் முடிச்சு அவர்தான் அங்க வந்தவர்."

"அப்ப இன்னும் நல்லம். உங்கட வீட்டுக்கு வந்த மனுசன நீங்கதானே மரியாதையா வெச்சிருக்கோணும்?"

அந்தச் சார்ஜன்ட் வெளியூர்க்காரர் இல்லை. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பது அவருக்குத் தெரியாதா? உன்னைப் போகச் சொன்ன தாய்வீடு உன் அடுப்படிக்குப் பின்னால்தான் இருந்தது. அத்தானைத்தான் அவருடைய தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

சமாதானம் என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நீ பேனையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாய். "போடு கா. நாலு சனம் பாக்குது" என்று அம்மா உன் முதுகில் இடித்தாள். போட்டாய். அத்தானுக்குப் பின்னால் ஏறிக்கொண்டு போனாய். நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அம்மா வழியில் இறங்கிக் கோழி வாங்கினாள்.

அடுத்த கிழமை, பொழுதுபடுகிற நேரம், நீ கத்தினாய். நான் ஓடி வர எழும்பினேன். அம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். "போகாத. புருசன் பொஞ்சாதிக்கு நடுவில நமக்கென்ன வேலை?" நான் பொலிசுக்குப் போன் எடுத்தேன். அதே குரல்.

"எந்த வீடு? லொறிக்காரன்ட வீடா? அது சமாதானமாப் போன கேஸ்தானே புள்ள?"

"இப்ப அடிக்கார் ஐயா. கத்துறா. உங்களுக்குக் கேக்குதா?" போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குது, கேக்குது. ஜீப் இல்ல. விடிய அவவ வரச் சொல்லு, புதுசா ஒண்டு எழுதுவம்."

விடிய நீ போகவில்லை. அவர்கள் வந்தார்கள். ஜீப்பில்தான் வந்தார்கள். கிணற்றைச் சுற்றி நாடா கட்டினார்கள். அந்தச் சார்ஜன்ட் என் தலையைத் தடவி, "அழாத புள்ள" என்றார்.

தண்ணீர் அள்ளப் போன இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மரண விசாரணையில் அம்மா சொன்னாள். சின்னவள் நித்திரை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்தில் யார் நித்திரை கொள்வார்கள்? என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் கை என் தோளிலேயே இருந்தது. நகம் பதிந்த இடம் பிறகு கறுத்துப்போனது.

பெற்ற தாய் எப்படி அக்கா இதைச் செய்தாள்? காரணத்தைப் போன வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன். அத்தானின் தாய் வந்திருந்தார்.

"வேற ஒருத்தி வந்தா இந்தப் புள்ளைக்குச் சோறு வைப்பாளா? சின்னம்மா இருக்கக்க என்னத்துக்கு வெளியில தேடுற? பதினெட்டு முடியட்டும்."

"ஓம். வீடும் கைவிட்டுப் போகாது. இவளுக்குக் குடுக்க என்னட்ட வேற என்ன கிடக்கு?" என்று சொல்லி அம்மா தேத்தண்ணி ஊற்றினாள்.

அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ தமக்கையப் போல வாய்க்காரி இல்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தட்டத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. இந்தக் கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் பொலிஸ் அதிகாரி வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். வீட்டுக்குள் அடித்தாலும் அது குற்றம்தான் என்றார். அடிபட்டவளுக்காகப் பொலிசே நீதவானிடம் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாமாம். அடிக்கிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாமாம், வீடு அவன் பேரில் இருந்தாலும்கூட. உன் வீடு உன் பேரிலேயே இருந்ததே அக்கா.

நான் எழும்பிக் கேட்டேன். "மிஸ், ஒருக்காச் சமாதானமாப் போனா, மறுகா அடிச்சாப் பொலிஸ் வரத் தேவையில்லையா?" வகுப்பே சிரித்தது. "இவளுக்கு இப்பவே மாப்பிள்ளை அடிக்கானாம்" என்று பின்வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள். அந்த மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆர் உனக்கு அப்பிடிச் சொன்ன?"

பிறகு என்னை வெளியே கூட்டிப்போய்க் கேட்டார். கொஞ்சம்தான் சொன்னேன். "திங்கக்கிழமை ஸ்டேசனுக்கு வா. நானே உன்ட வாக்குமூலத்த எழுதுறன். நம்பிக்கையான பெரிய ஆள் ஒருத்தரக் கூட்டிற்று வா" என்றார். யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்படி இருந்த ஒரே ஆள் நீ.

அவரோடு ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தவர் என் பெயரையும் ஊரையும் விசாரித்தார். லொறிக்காரரின் மச்சாளா என்று கேட்டுத் தலையாட்டினார். ஓம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அந்த மிஸ்ஸுடைய அறைக்குப் போவதென்றாலும் அதே முன்மேசையைத் தாண்டித்தானே போக வேண்டும்? அங்கே அந்தச் சார்ஜன்ட் இருந்தால் என்னை விடுவாரா?

பயமாக இருக்கிறது அக்கா. கடைசியில் நீ என்னைக் கூப்பிட்டாயா? உன் சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. என் பெயராக இருக்குமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

விடிந்தால் திங்கட்கிழமை. சீருடையோடு வெளிக்கிடுவேன். பள்ளிக்கூடத்தடியில் இறங்கமாட்டேன். நான் விழித்திருந்தேன் என்று சொல்வேன். நீ தண்ணீர் அள்ளப் போகவில்லை, வாளி உள்ளேதான் கிடந்தது என்று சொல்வேன். போனில் நான் சொன்னதையும், அவர்கள் சொன்னதையும் சொல்வேன். எழுதியதை முழுக்க வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். கனியை இந்த வீட்டில் விடமாட்டேன், அவளுடைய வீடாக இருந்தாலும் விடமாட்டேன். உன் மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி

கதவைத் தட்டுறாங்க அக்கா. அம்மா.

"புள்ள, நீ முழிப்பெண்டு தெரியும். சார்ஜன்ட் ஐயா அத்தானுக்குப் போன் எடுத்தவராம். நானும் அத்தானும்தான் நிக்கிறம். திற கா"