மூன்று மடல்கள், இணைப்பு எங்கே?

என் இணையருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். நான் கூட்டத்துக்குப் புறப்படுகிறேன்.

இதழாசிரியர் காலையில் தொலைபேசியில் சிரித்தார்: "அக்கா, 'கட்டுரையை இணைத்துள்ளேன்'னு மூணு மெயில் வந்திருக்கு. கட்டுரையைத்தான் காணோம்! நாலு மணிக்குள்ள வரலைன்னா உங்க பக்கத்துல விளம்பரம்தான்."

அனுப்பும் வேலையை உங்களிடம்தான் விட்டிருந்தேன். "சத்தியமா அனுப்பிட்டேன்மா" என்றீர்கள் நேற்று. மூன்று முறையுமா மறந்தீர்கள்? மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டில் ஒரு தம்ளரும் கழுவாத கணவர்களைப் பற்றிக் கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்த நாளிலிருந்து உங்கள் முகம் சரியில்லை. இது கைமறதியா, தணிக்கையா? பெயரில் இணையர், செயலில் இணைப்பே இல்லை!

பி.கு: செருப்பு மாட்டுமுன் கணினியைத் திறந்து பார்த்தேன். 'கோப்பு மிகப் பெரியது' என்று இணைப்பை அதுவே தடுத்துவிட்டு, மடலை மட்டும் அனுப்பியிருக்கிறது. என் கையெழுத்துப் பக்கங்கள் பன்னிரண்டையும் படமெடுத்து ஒரே கோப்பில் திணித்திருக்கிறீர்கள். மங்கலாக விழுந்ததென்று ஐந்தாம் பக்கத்தை மட்டும் இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள்.

பிரித்து அனுப்புங்கள். இணைப்பைக் காட்டும் கிளிப் அடையாளம் தெரிந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். ஐந்தாம் பக்கம் முதலில் போகட்டும்.

உங்கள் தம்ளரைக் கழுவிவிட்டேன். இன்று மட்டும்.