பிர்ச் மரத்துக்குச் சோகை கிடையாது

ட்ராசா,
21 பிப்ரவரி 1988, ஞாயிறு

விநிதா அப்பாவுக்கு, ருக்மணி கும்பிட்டு எழுதுவது.

நானும் விநிதாவும் சுகம். எட்மன்டன் குளிரில் உங்கள் உடம்பை முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாது, வயலில் இறங்கக்கூடாது என்று ஆட்சியைப் பிடித்த பட்டாளத்தின் சட்டம் இந்தத் தீவில் இருக்கிறதே, அதனால் எழுதப் பொழுது கிடைத்தது. வழியில் கடிதத்தைப் பிரிக்கிறார்களாம். தமிழ் அவர்களுக்குப் புரியாது, நீங்களும் தமிழிலேயே எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன். நர்சரி முதலாளி மரங்களைச் சுத்தம் செய் என்றாராம். நீங்கள் வெள்ளைப் பட்டை தொங்குகிறதே என்று, கரும்புக்குக் காய்ந்த இலையை, சோகையை, உரிக்கிற மாதிரி பதினோரு பிர்ச் மரத்தை உரித்துவிட்டீர்களாம். ஐயோ சாமி! இருபது வருஷம் கரும்போடு மாரடித்த கை சும்மா இருக்குமா? அந்த மனுஷன் கத்தினதில் தப்பில்லை. ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லையே! ஏப்ரலில் மரம் அடையாளம் சொல்லும் பரீட்சை, தேறினால் வேலை நிரந்தரம், அப்போதுதான் எங்களைக் கூப்பிட முடியும் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் இது எனக்கு வராது, டிக்கெட் எடுத்து வந்துவிடுகிறேன் என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

வெள்ளிக்கிழமை லௌட்டோகா லைப்ரரிக்குப் போனோம். மரப் புத்தகத்தை விநிதா இங்கிலீஷில் வாசித்து இந்தியில் சொன்னாள், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். மனப்பாடம் செய்யுங்கள்.

பிர்ச்சின் பேரினம் பெட்டுலா. குடும்பம் பெட்டுலேசி. ஆல்டர் மரமும் ஹேசல் மரமும் அதன் பங்காளிகள். பாப்லர் மரமும் வெளுப்பாக இருந்தாலும் சொந்தமில்லை, அது வில்லோ குடும்பம், ஏமாறாதீர்கள். பிர்ச் பட்டை காகிதம்போல் குறுக்கே உரியும். அதிலுள்ள குறுக்குக் கோடுகள் மரம் மூச்சுவிடும் துளைகள். இலை மாறிமாறி வரும், ஓரத்தில் பெரிய பல், அதற்குள் சின்னப் பல். பூ பூனைவால் மாதிரி சரமாக வரும், ஆண் சரமும் பெண் சரமும் ஒரே மரத்தில். பாப்லரில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, நம் இருவரைப்போல ஒன்று அங்கே ஒன்று இங்கே. பிர்ச் விதைக்கு இரண்டு பக்கமும் சிறகு உண்டு. முற்றினால் சரம் உதிர்ந்துவிடும். ஆல்டர் காய் கட்டைபோல் மரத்திலேயே நிற்கும், பனியில் இலை இல்லாதபோது அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

நீங்கள் உரித்தது சோகை இல்லை, மரத்தின் சட்டை. உள்பட்டை அடிபடாமல் இருந்தால் மரம் பிழைக்கும், கறுப்புத் தழும்புதான் நிற்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. முதலாளியைக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரமாகக் காட்டி, தெரியாமல் செய்தேன் என்று சொல்லுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பட்டாளத்து லாரி மறுபடியும் வந்தது. பட்டாளத்தை எதிர்த்துக் கரும்பு வெட்டக்கூடாது என்று கூட்டத்தில் பேசிய உன் புருஷன் வெங்கடசாமி எப்போது திரும்புவார் என்று கேட்டார்கள். திரும்பமாட்டார் என்றேன். போன தடவை உங்களைக் கொண்டுபோய் நாலு நாள் கழித்து விட்டார்களே, அன்றைக்கு உங்கள் முதுகுக்கு எண்ணெய் தடவியவள் நான். இன்னொரு தடவை என்னால் முடியாது.

உழவு மாட்டு ஜோடியை அடுத்த வயல் ஏழுமலை அண்ணனிடமே ஒப்படைத்துவிட்டேன், நீங்கள் வந்து உழ இனி இங்கே மாடு இல்லை. நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள்.

உங்களைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எங்கிருந்தாலும் நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். என் கழுத்தில் நீங்கள் கட்டியதன்மேல் ஆணை, வராதீர்கள்.

உங்கள்
ருக்மணி